மூன்றாம் தண்ணீர்

கையில் கொடுத்திருக்கும் டேப்லெட்டில் ஒரு எண் சிவப்பாக மாறினால், அதைப் பச்சையாக்காமல் என்னால் அடுத்த வீட்டுக்கு நகர முடியாது. அப்படி ஒரு சுபாவம். உணவுக் கணக்கெடுப்புக்காகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த பதினோரு பேரில், சிவப்பே இல்லாமல் தொகுப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். மேற்பார்வையாளர் சிவசங்கர் கூட்டத்தில், "ஜெயசுதா மேடம் கிட்ட கத்துக்குங்க" என்றார். அன்று எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை வந்து இறங்கும்வரை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதே தெரியவில்லை.

வேலை எளிமையானது. ஒரு வீட்டுக்குப் போய், நேற்று முழுநாளும் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். என் பையில் சிறிதும் பெரிதுமாக எவர்சில்வர் கிண்ணங்கள் இருக்கும். குண்டானில் கஞ்சி எதுவரை இருந்தது என்று வீட்டுப் பெண் விரலால் காட்டுவாள். அந்தக் கோடுவரை தண்ணீர் ஊற்றி, எத்தனை கிண்ணம் என்று எண்ணிக்கொள்வேன். பிறகு ஒவ்வொருவரும் எத்தனை கிண்ணம் குடித்தார்கள் என்று கேட்பேன். போட்ட தானியத்தை அந்தப் பங்கின்படி டேப் பிரித்துக் கொடுத்துவிடும். இவருக்கு இத்தனை கிராம். இவளுக்கு இத்தனை கிராம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. மலைமேல் கரியாலூர், வெள்ளிமலையைத் தாண்டி எனக்கு வந்த இருபது வீடுகளில் ஒவ்வொன்றும் அறுநூற்று நாற்பது வீடுகளுக்குச் சமம். நான் ஒரு கிண்ணம் தப்பாக எழுதினால் அறுநூற்று நாற்பது கிண்ணம் தப்பாகும். பயிற்சியில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த இருபதில் பதினான்கு வீடுகளில் சிவப்பு வந்தது. குடித்த கிண்ணங்களைக் கூட்டினால் குண்டானைவிட அதிகமாக வந்தது. ஒன்பது கிண்ணம் பிடிக்கிற குண்டானிலிருந்து பன்னிரண்டு கிண்ணம் குடித்திருந்தார்கள். இதற்கும் பயிற்சியில் வழி சொல்லியிருந்தார்கள். மக்கள் தோராயமாகச் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், எல்லோருக்கும் சரிசமமாகக் குறைத்துவிடுங்கள். குறைத்தேன். மூன்று கிண்ணம் என்பது இரண்டேகால் ஆனது. பச்சை வந்தது. பதினான்கு வீடுகளிலும் அப்படியே.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மலையில் ஆணும் பெண்ணும் சமமாகச் சாப்பிடுவதாக என் எண்கள் சொல்லின. சில வீடுகளில் பெண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்கூட. சிவசங்கருக்கு இது பிடித்துப்போயிற்று. "கீழ்நாட்டுல இல்லாதது மலையில இருக்கு மேடம். நல்ல செய்தி. மேல இதுக்குத் தனியா ஒரு பக்கம் போடுவாங்க" என்றார். எனக்கோ அந்தப் பெண்களின் மணிக்கட்டுகள் நினைவுக்கு வந்தன. கிண்ணத்தை நீட்டிய கைகள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும் கைகள்.

சில வீடுகளில் இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்பது விதி. செவ்வாய்க்கிழமை சாலம்மாள் வீடு. முதல் பஸ் வருவதற்குள் காலைச் சாப்பாடு முடிந்துவிடும் என்பதால் முந்தின நாளே போய், அந்த ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் தமிழ்ப்ரியா வீட்டில் தங்கினேன். விடிந்ததும் பனியில் நடந்து போனபோது சாலம்மாள் வாசலில் குண்டானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். முதல்நாள் ராத்திரி ஆக்கின சாமைச் சோறு, தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அவள் கணவன் கரியன் குடித்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் தம்பி சடையன் மூன்றாவது கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், இன்னா காலங்காத்தால? நாங்க போன வாட்டி சொன்னத நம்பலயா?" என்றான் சடையன். எழுதிக்கொள்ள வருகிறவள் எல்லாம் அங்கே டீச்சர்தான்.

"நம்பாம இன்னா. ரெண்டாவது வாட்டி கேக்கணும்னு ரூலு."

"எங்க ஊட்டுக் கஞ்சிய ரெண்டு வாட்டி கேட்ட ஆளு நீ ஒருத்திதான்."

கரியன் சிரித்துவிட்டுக் காட்டுப் பக்கம் இறங்கினான். மரவள்ளி பிடுங்குகிற நாள். சாலம்மாள் குண்டானில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். பிள்ளைகள் பெரியவனுக்கும் சின்னவளுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு ஓடினார்கள். மறுபடி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். கலக்கினாள். தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள்.

நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன்.

"சாலம்மா, இந்தத் தண்ணிய தெனமும் ஊத்துவீங்களா?"

"எந்தத் தண்ணி?"

"இப்ப ஊத்தனீங்களே. ரெண்டு வாட்டி."

"ஊத்தாம? எல்லாத்துக்கும் பத்தணும்ல."

"போன வாரம் நான் கேக்கும்போது சொல்லலயே."

"நீ சோத்தக் கேட்ட. சோத்தச் சொன்னேன். தண்ணியும் சாப்பாடுன்னு எனக்கு இன்னா தெரியும்?" அவள் சிரித்தாள். பல்வரிசை நன்றாக இருந்தது. ஈறு வெளுத்திருந்தது.

சடையனின் கிண்ணம் இன்னும் நிறைந்தே இருந்தது. "அத ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?" என்றேன்.

"என் கஞ்சியவா? குடி டீச்சர், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"குடிக்க இல்ல. வடிகட்டிப் பாக்க."

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் தோளை உயர்த்தினாள். என் பையில் கிண்ணம் துடைக்கிற புதுத் துணி இருந்தது. சடையனிடமிருந்து ஒரு அளவுக் கிண்ணம் நிறைய வாங்கி வடிகட்டி, துணியில் நின்ற சாமையைச் சின்னத் தராசில் வைத்தேன். தொண்ணூற்றிரண்டு கிராம். சாலம்மாளின் கிண்ணத்தையும் அப்படியே செய்தேன். முப்பத்தொன்று.

அவள் மூன்று கிண்ணம் குடிப்பாள். மூன்று முப்பத்தொன்று, தொண்ணூற்றுமூன்று. அவளுடைய மூன்று கிண்ணமும் அவனுடைய ஒரே கிண்ணம். நான் டேப்பில் இருவருக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தேன். அவளுக்கு இருநூறு கிராமுக்கு மேல் கொடுத்திருந்தேன். அவள் தின்னாததை நான் எழுத்தில் ஊட்டியிருந்தேன். ஒரு சாலம்மாளுக்கு அல்ல, அறுநூற்று நாற்பது பேருக்கு. அப்படிப் பதினான்கு வீடு.

"இத மாத்தி எழுதணும் சாலம்மா. நீங்க குடிக்கிறதுல சோறு கம்மி."

அவள் கை நின்றது. "இன்னான்னு எழுதுவ?"

"உள்ளதத்தான்."

"வேணாம். மூணு கிண்ணம் குடிக்கிறேன். வயிறு ரொம்பிப் போவுது. அதையே எழுதிக்க."

அரிவாளை மறந்துவிட்டுத் திரும்பி வந்த கரியன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. அவன் கோபப்படவில்லை. தராசையே பார்த்தான்.

"எம் பொண்டாட்டிக்கு நான் சோறு போடலன்னு கவருமெண்ட்டுக்கு எழுதப் போறியா?"

"அப்படி இல்லீங்க..."

"நான் எந்நாளும் அவள கம்மியா குடின்னு சொன்னதில்ல. கேளு."

"சொன்னதில்ல" என்றாள் சாலம்மாள் உடனே. அரிவாளை எடுத்து நீட்டினாள்.

அது உண்மைதான். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை கள்ளக்குறிச்சியில் சிவசங்கர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. கீழே டயர் கடை. அவர் கெட்டவர் இல்லை. இரண்டு முறை நான் சொன்னதைக் கேட்டார். நடுவில் டீ சொன்னார்.

"எல்லாக் கணக்கெடுப்புலயும் தப்பு வரும் மேடம். ஒருத்தர் ஜாஸ்தி சொல்லுவாங்க, ஒருத்தர் கம்மி சொல்லுவாங்க. சராசரில அடங்கிடும்."

"ரெண்டு பக்கமும் சாஞ்சா அடங்கும் சார். இது ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. எல்லா வூட்லயும் பொம்பளைக்கு ஜாஸ்தி, ஆம்பளைக்கு கம்மி. எவ்ளோ வூடு சேத்தாலும் இது போவாது."

அவர் டீயை ஆற்றினார். கீழே யாரோ டயரைத் தரையில் அடிக்கிற சத்தம் ஏழெட்டு முறை கேட்டது.

"திருத்தறதுக்கு விதி இருக்கு" என்றார் பிறகு. "அந்தப் பதினாலுல அஞ்சு வூடாவது திரும்ப அளந்து, வூட்டு ஆளு கையெழுத்தோட வரணும். அஞ்சு உறுதியா இருந்தா, மீதிய அந்த விகிதத்துல மாத்திக்கலாம். அஞ்சுக்குக் கீழ போனா தொகுப்பையே தூக்கிடுவாங்க. மலைக்குப் பதிலா அடிவாரத்துச் சராசரிய வெச்சிடுவாங்க. திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாம் மேல போயிடும்."

"சரி சார்."

"அவசரப்படாதீங்க. திருத்தம் கேட்டாலே உங்க பேர்ல தப்புன்னு பதிவாயிடும். அடுத்த சுத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. இப்ப பச்சையா இருக்கு. யாரும் கேக்கப் போறதில்ல."

யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தொகுப்பத் தொறந்து விடுங்க சார்" என்றேன். அவர் தன் கணினியில் ஏதோ தட்டினார். என் கையில் இருந்த டேப்பில் பதினான்கு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அளவுக் கிண்ணங்களைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். என் கணவர் சுபாஷ் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, "இன்னா, மறுபடியும் மலைக்கா? அங்கயே ஒரு வூடு கட்டிக்க" என்றார். மாமியார் பச்சையம்மாள், "போவட்டும் விடு. மலைத் தண்ணி ஒடம்புக்கு நல்லது" என்றார். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் தட்டைப் போட்டுக்கொண்டேன். சோற்றுப் பானையின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி, ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். தட்டு நிறைந்துதான் இருந்தது. பயிற்சி நாளில் அவரவர் சாப்பாட்டையே எழுதிப் பழகச் சொன்னார்கள். நான் இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி ரசம் என்று எழுதியிருந்தேன். யோசிக்காமல் எழுதினேன். பொய் என்றுகூடத் தோன்றவில்லை. ரசத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். பிறகு சாப்பிட்டு முடித்தேன்.

வியாழக்கிழமை முதல் ஞாயிறு வரை நான்கு காலைகள். வியாழன் விடிவதற்குள் சுபாஷ் என்னை பைக்கில் மலைக்குக் கொண்டுபோய் விட்டார். தமிழ்ப்ரியாவும் கூட வந்தாள். முதல் நாள் நான்கு வீடு. நான்கிலும் அதே கதை. முதலில் காட்டுக்குப் போகிறவர்கள், பிறகு ஒரு சொம்பு தண்ணீர், பிள்ளைகள், பிறகு ஒரு சொம்பு தண்ணீர். பெண்களின் கிண்ணங்களில் முப்பத்துநான்கு, இருபத்தெட்டு, முப்பத்தாறு, இருபத்தேழு கிராம். நான்கு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி, "இதுக்கு எதுனா குடுப்பாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கேட்டு வை" என்றாள்.

நான்கு சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு வீடு. அன்று ராத்திரி தமிழ்ப்ரியா வீட்டில் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரி எங்களைக் கண்டதும் குண்டானில் அகப்பையை விட்டு அடிவரை கலக்கி, முதல் கிண்ணத்தைத் தனக்கு ஊற்றிக்கொண்டாள். கெட்டியாக இருந்தது. புருஷன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தொண்ணூற்றைந்து கிராம். அடுத்த வீட்டில் எண்பத்தொன்பது. அதற்கடுத்த வீட்டில் பெண் குடிக்க முடியாமல் பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் பழக்கமில்லை.

"யாரு சொன்னது இவங்களுக்கு?" என்றேன் வழியில்.

தமிழ்ப்ரியா கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள். "யாரு சொல்லணும்? கரியண்ணன் ஆம்பளைங்கள எல்லாம் கூப்ட்டுப் பேசினாரு. டீச்சர் வந்து போற வரைக்கும் பொம்பளைங்க முன்னாடி குடிக்கட்டும், நம்ம ஊரு பேரு கெடக்கூடாதுன்னாரு. தப்பாவா சொன்னாரு?"

தப்பாகச் சொல்லவில்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை நான் தராசோடு போன மூன்று நாட்களும் அந்த ஊர்ப் பெண்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். அளந்து பார்த்தவள் நான். அன்றைக்கு அதுதான் உண்மை. ஆனால் ஒரு நாளை எல்லா நாளுமாக மாற்றுவதுதான் எங்கள் தொழில். அந்த ஒரு நாள் எனக்காக ஆக்கப்பட்ட நாள். அதை எப்படிப் பெருக்குவது?

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஒன்பது வீடு அப்படியே முடிந்திருந்தது. மீதி இருந்தது சாலம்மாள் வீடு. நாங்கள் போனபோது கரியன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாலம்மாள் அவனுக்கு முன்னால் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தராசு தொண்ணூறு காட்டியது.

"எழுதிக்கினியா டீச்சர்?" என்றான் கரியன்.

"பாத்துக்கினேன்."

"நல்லா எழுது."

அவன் வெற்றிலை எடுக்க உள்ளே போனான். நான் குனிந்து கிண்ணங்களைப் பைக்குள் அடுக்கினேன். "நாளைக்கும் இப்படித்தான் குடிப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சாலம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ நாளைக்கு வருவியா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

சாயங்காலப் பஸ்ஸில் ஏறிவிட்டு, மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே வெள்ளிமலை நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். காரணத்தை நானே யோசித்து முடிக்கவில்லை. அடுத்த சுற்று எனக்கு இல்லை. அது புதன்கிழமையே முடிந்துவிட்டது. நான்கு வீட்டோடு அனுப்பினால் மலையின் தொகுப்பைத் தூக்கிவிடுவார்கள். சாலம்மாளின் இடத்தில் அடிவாரத்தில் யாரோ ஒருத்தி வந்து உட்காருவாள். ஒருவேளை என்னைப் போல ஒருத்தி, யோசிக்காமல் இரண்டு கரண்டி என்று சொல்கிறவள். ஐந்தாவது வீடு ஒன்று வேண்டும். தமிழ்ப்ரியாவிடம் சொல்லவில்லை. வெள்ளிமலையில் தெரிந்த செவிலியர் ஒருவர் வீட்டில் தங்கினேன். சுபாஷுக்கு போன் செய்தபோது, "அடி மலைக்காரி, வூடு கட்டிட்டியா?" என்றார். பிறகு, "சரி, பத்திரம்" என்றார்.

திங்கட்கிழமை விடியலில், பால் வேனில் ஏறி, ஊருக்கு இரண்டு வளைவு முன்னாலேயே இறங்கி, வேன் போன பாதையில் நடந்தேன். கையில் ஒரே ஒரு கிண்ணம், துணி, தராசு. ஆண்கள் காட்டுக்கு இறங்கிப்போன தடம் பனியில் ஈரமாக இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பிள்ளைகள் குடித்துவிட்டுப் பின்பக்கம் ஓடிவிட்டார்கள். சாலம்மாள் தனியாக உட்கார்ந்து, இடது கையால் குண்டானைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்திருக்க வேண்டும். சொம்பை எடுத்தாள். தூக்கினாள். அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

சொம்பு அப்படியே நின்றது.

அவள் கெட்டிக்கஞ்சி ஊற்றிக்கொள்ள இப்போது குண்டானில் ஒன்றும் இல்லை. எனக்கு அங்கிருந்து திரும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது. ஒருவர் தனியாகச் சாப்பிடுவதை இப்படி வந்து பார்ப்பது எவ்வளவு அசிங்கம் என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. வேலிப்படலைத் திறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. எதிர்ச்சரிவில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் வந்து அடங்கியது.

"வந்துட்டியா" என்றாள் கடைசியில்.

"ம்."

"எங்க வூட்டுக்காரரு பேரு அதுல போவுமா?"

"போவாது. உங்க பேரும் போவாது. ஒரு நம்பர்தான் போவும்."

"ஊரு பேரு?"

"அதுவும் போவாது."

"அப்ப யாருதுன்னு தெரியாதா?"

"தெரியாது."

அவள் அதை யோசித்தாள். அது அவளுக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று முகத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை.

"அவரு சாயங்காலம்தான் வருவாரு" என்றாள். "கையெழுத்து நான் போட்டா போதுமா?"

"போதும்."

"வெள்ளிக்கிழமயிலருந்து மூணு நாளா மலங்காட்டுல வேல செய்ய தெம்பா இருந்துச்சி. எனக்கே சிரிப்பு வந்துச்சி" என்றாள். சிரிக்கவில்லை.

பிறகு சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் குண்டானின் ஓரத்தில் பட்டு இறங்கியது. அகப்பையால் இரண்டு சுற்றுக் கலக்கினாள். நான் படலைத் திறந்து உள்ளே போய் எதிரில் உட்கார்ந்து துணியை விரித்தேன். மணி ஏழு. இரண்டு மணிக்குள் கீழே போய்ச் சேர்ந்தால் ஐந்து வீடு இருக்கும். டேப்பைத் திறந்தேன். சாலம்மாளின் வரிசை சிவப்பாகவே இருந்தது. அதைப் பச்சையாக்க என் விரல் துடிக்கவில்லை.

அவள் கிண்ணத்தை நிறைத்து, தன் வாய்க்குக் கொண்டு போகாமல், என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சிந்தாம அள" என்றாள். "திருப்பிக் குடுத்துடணும்."